உன் வீட்டு வாசல் எந்தப் பக்கம்

நெடுந்தீவு
16-3-1969, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தங்கச்சி றோசம்மாவுக்கு,

வருஷத்துக்கு ஒருக்கால் எங்கள் இரண்டு பேரையும் ஒரே மண்ணில் நிற்கவைக்கிற அந்தோனியார் உன்னையும் உன் புருஷனையும் காப்பாற்றட்டும். நாங்கள் எல்லோரும் பத்திரமாக வந்து சேர்ந்தோம் என்று எழுத எனக்கு வழியில்லை. அம்மாவைக் காணவில்லை. அவர் உன்னோடு பாம்பனில் இருக்கிறாரா? அதை முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

இன்று காலை கச்சதீவில் பூசை முடிந்ததும், பந்தல்களைப் பிடுங்கிக்கொண்டு உங்கள் பக்கத்துச் சனமும் எங்கள் பக்கத்துச் சனமும் ஒரேயடியாகக் கரைக்கு ஓடியதை நீயும் கண்டாய்தானே. அந்த அமளியில் நான் பிள்ளைகளோடு முதல் வள்ளத்தில் ஏறிவிட்டேன். அம்மா என் மச்சாள் மாக்கிறேற்றோடு யாகப்பு அண்ணையின் வள்ளத்தில் வருவதாகப் பேச்சு. வள்ளத்தில் ஆட்களை எண்ணுவது யாகப்பு அண்ணைக்குப் பிடிக்காது. "கடலுக்குக் கணக்குக் காட்டாதையுங்கோ" என்று அதட்டுவார். அதனால் ஒருவரும் எண்ணவில்லை.

திருவிழாவுக்குப் போய் வந்த வீடு எப்போதும் கொஞ்ச நேரம் ஊமையாகத்தான் இருக்கும். பிள்ளைகள் வந்த கையோடு விறாந்தையில் விழுந்து, தலைமயிரில் கச்சதீவு மண்ணோடு நித்திரையாகிவிட்டார்கள். உன் அத்தானும் சால்வையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு குறட்டை. கோழிகள்தான் தீனி கேட்டு என் காலைச் சுற்றின. குசினியில் அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைத்தேன். அம்மாவின் மூக்குப்பேணியிலும் ஊற்றிவிட்டுத்தான், அவர் இன்னும் வரவில்லையே என்று நினைவு வந்தது. மூடி வைத்தேன். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது, றோசம்மா. ஒரு பின்னேரம் யாரும் என்னைக் கூப்பிடாமல், குற்றம் சொல்லாமல் இருந்தது சுகமாக இருந்தது. வாசல்படியில் காலை நீட்டிக்கொண்டு குடித்தேன்.

பிறகு மாக்கிறேற் தலையில் பெட்டியோடு வந்தாள். "மாமி உம்மோடை எல்லோ வந்தவ?" என்றாள். நான் கையிலிருந்த பேணியைப் போட்டேன்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. யாகப்பு அண்ணை துறையில் பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்க்காமல், "கொம்மா பாம்பன் வள்ளத்திலை ஏறினதைக் கண்டனான்" என்றார்.

"கண்டால் ஏன் மறிக்கேல்லை?"

"கொம்மாவை ஆர் பிள்ளை மறிக்கிறது?"

உயிர் திரும்பி வந்தது. ஆனால் இப்போது வீட்டுக்கு வந்து அம்மாவின் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்: கோவிலுக்கு உடுக்கிற வெள்ளைச் சேலைகள் இல்லை. பிள்ளைப்பேற்று மருந்துச் சரக்கு இடித்து வைத்திருந்த பேணியும் இல்லை. இந்த வீட்டில் யாருக்குப் பிள்ளைப்பேறு, அதைத் தூக்கிக்கொண்டு போக? சனக்கூட்டத்தில் வழி தவறி உங்கள் வள்ளத்தில் ஏறினாரா, தெரிந்துதான் ஏறினாரா? நேற்றுப் பின்னேரம், பனம்பழத்தில் போட்ட பனாட்டு முழுவதையும் கடகப்பெட்டியோடு அம்மா உனக்கே கொடுத்த விஷயத்தில் எனக்கும் அவருக்கும் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது உண்மை. அதற்காக ஒரு மனுசி நாட்டை விட்டுப் போவாவா?

நாளைக்குக் குறிகட்டுவான் துறைக்குப் போகிறவர்களிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து யாழ்ப்பாணத்தில் தபாலில் போடச் சொல்கிறேன். அம்மாவின் தேத்தண்ணி ஆறிப்போய் இன்னும் மூடியபடியே இருக்கிறது. அதை ஊற்ற எனக்கு மனம் வரவில்லை.

பதிலைக் காணும்வரை பதைபதைப்போடு இருக்கும்
அக்கா மரியநாயகி

*

பாம்பன்
6-4-1969, உயிர்த்த ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா இங்கேதான் இருக்கிறார். சுகமாக இருக்கிறார். உங்கள் கடிதம் பெரிய வெள்ளிக்கு முதல்நாள்தான் வந்து சேர்ந்தது. யாகப்பு அண்ணை உங்களிடம் சொல்லியிருப்பார் என்று அம்மா சொன்னதை நம்பி நான் எழுதாமல் இருந்துவிட்டேன். அதுவரை நீங்கள் பட்ட பாட்டை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் கூட்டிக்கொண்டு வரவில்லை, அக்கா. அந்தோனியார்மேல் ஆணை. எங்கள் வள்ளத்தில் பெண்களுக்கு நடுவே ஒரு கிழவி முக்காட்டோடு குனிந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். தங்கச்சிமடத்து ஆள் யாரோ என்று நினைத்தேன். பாய் ஏற்றி, கச்சதீவுக் கோவில் கண்ணுக்குச் சிறுத்துப்போன பிறகு முக்காட்டை எடுத்தார். "என்னடி பாக்கிறாய்? நான்தான்" என்றார்.

என் வீட்டுக்காரர் லியோன் சுக்கானைப் பிடித்தபடி அலறிவிட்டார். "என்ன அத்தை இது? பாஸ்போர்ட் இல்லாம, சொல்லாம கொள்ளாம... நான் படகைத் திருப்புறேன்."

"தம்பி, நீர் பாயைப் பாரும். காத்து நல்லா இருக்கு" என்று அம்மா செபமாலையைத் தொடர்ந்தார்.

இனி நான் ஒளித்த விஷயத்தை எழுதுகிறேன். கோபிக்காதீர்கள். எனக்கு இப்போது ஏழாம் மாதம். திருவிழாவில் சேலையை அகலமாகச் சுற்றிக்கொண்டு நின்றது அதனால்தான். முதல் இரண்டு தரமும் ஊரெல்லாம் சொன்னோம். இரண்டு பிள்ளையும் தங்கவில்லை. இந்த முறை பிறக்கும்வரை வாய் திறப்பதில்லை என்று நேர்ந்துகொண்டேன். தை மாதம் நடுக்கடலில் யாகப்பு அண்ணையைக் கண்டபோது லியோன்தான் வாய் தவறிச் சொல்லிவிட்டாராம். யாகப்பு அண்ணை அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா அன்றைக்கே சரக்கு இடிக்கத் தொடங்கிவிட்டார். தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போகிற கொடுப்பினை எனக்கு இல்லாமல் போனது உங்களுக்குத் தெரியும். மாமியாரும் இப்போது இல்லை. மகள் வர ஏலாவிட்டால் தாய் போகிறதுதானே முறை என்கிறார் அம்மா.

பனாட்டு வாக்குவாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் பந்தலுக்குப் பின்னால் நின்று கேட்டேன், அக்கா. "எல்லாத்தையும் அவளுக்கே குடுங்கோ. அவ்வளவு பாசம் எண்டால் நீங்களும் அவையளின்ரை வள்ளத்திலை ஏறிப் போங்கோவன்" என்றீர்கள். அதற்காகவா வந்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "சீச்சீ. ஆனா அவளிட்டைச் சொல்லாமல் எப்பிடிப் போறது எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான். அவளே போகச் சொல்லிப்போட்டாள்" என்றார்.

வந்த அன்று ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். வாசலில் நின்று வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தார். பிறகு உள்ளே வந்து ஒவ்வொரு மூலையிலும் கொஞ்ச நேரம் குந்தியிருந்தார். ஏனம்மா என்றால் எழும்பி அடுத்த மூலைக்குப் போனார்.

உங்கள் கோபத்துக்குப் பயந்துகொண்டு,
றோசம்மா

*

நெடுந்தீவு
29-4-1969

றோசம்மா,

சொல்லிக்கொண்டுதான் போனாவோ! நல்ல கதை. நான் ஆத்திரத்தில் சொன்னதை உத்தரவாக எடுத்துக்கொண்டு போகிற அளவுக்கு இவ்வளவு காலமும் என் பேச்சை எப்போது கேட்டவர்? முட்டுக்கு நல்லெண்ணெய் பூசுங்கோ என்றால் கேட்கமாட்டார். மழைக்குள் கோழி பிடிக்க ஓடாதையுங்கோ என்றால் கேட்கமாட்டார். இதை மட்டும் கேட்டிருக்கிறார்.

ஊர் என்ன சொல்கிறது தெரியுமா? மரியநாயகி தாயை விரட்டிவிட்டாளாம். பூசை முடிந்து வருகிறபோது பெண்கள் என்னைக் கண்டதும் கதையை நிறுத்துகிறார்கள். சுவாமியார்கூட "அம்மா எப்ப வாறா?" என்று கேட்கிற தொனியில் ஒரு நெளிவு. யாகப்பு அண்ணையோடு நான் கதைக்கிறதில்லை. அவர் ஆள் எண்ண விடாததன் சூத்திரம் இப்போதுதான் விளங்குகிறது. உன் அத்தான் ஒருவர்தான் நியாயம் கதைக்கிறார். அதுவும் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

நீயும் எனக்கு ஒளித்தாய். நான் என்ன, கண்ணூறு போடுகிறவளா? அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் இங்கே இருந்து நான் அழுத அழுகை உனக்குத் தெரியாது. நீயும் அம்மாவும் கடலுக்கு நடுவில் யாகப்புவும் சேர்ந்து ஒரு கட்சி. நான் மட்டும் வேறு.

பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் கழியட்டும். பிறகு எந்த வள்ளமாவது இந்தப் பக்கம் வந்தால் அம்மாவை ஏற்றிவிடு. எத்தனையோ சனம் கள்ளமாக வந்து போகிறது. என் தாய் வர ஏலாதோ?

சரக்கில் மிளகைக் கூட்டச் சொல். அம்மா உள்ளியை எப்போதும் அள்ளிப் போடுவார், நீ பார்த்துக்கொள். பாரமான குடம் தூக்காதே. நெஞ்சில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் நித்திரை கொள்.

இங்கே அம்மாவின் பாக்குரல் சும்மா கிடக்கிறது. விடியப்புறத்தில் அந்த இடிச்சத்தத்துக்குத்தான் இத்தனை வருஷமும் நான் எழும்பினேன். திட்டிக்கொண்டுதான் எழும்பினேன். இப்போது ஒவ்வொரு நாளும் பிந்தி எழும்புகிறேன்.

மரியநாயகி

*

பாம்பன்
20-7-1969

அன்புள்ள அக்காவுக்கு,

ஆனி மாதக் கடைசியில் எனக்குப் பெண்பிள்ளை பிறந்தாள். நல்ல நிறை. அழுகைச் சத்தம் துறைவரைக்கும் கேட்டதாம். முப்பத்தொன்று கழியும்வரை எழுதாதே என்று அம்மா கையைப் பிடித்து வைத்திருந்தார். ஆனாலும் எழுதுகிறேன். எனக்குப் பயம் போய்விட்டது. கொழுகொழு என்று என் பக்கத்தில் படுத்திருக்கிறாள்.

வலி எடுத்தபோது அம்மா என் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "கத்து மேனை, ஒருத்தருக்கும் வெக்கப்படாதை" என்றார். போன இரண்டு தரமும் நான் வாயை மூடிக்கொண்டு பெற்றேன், அக்கா. தாய் பக்கத்தில் இருந்தால்தான் கத்தலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெயர் வைத்துவிட்டோம். நாங்கள் அம்மாவின் பெயரை, பிலோமினா என்று, வைக்க இருந்தோம். அம்மா ஒற்றைக்காலில் நின்று வேண்டாம் என்றுவிட்டார். ஞானஸ்நானத்துக்கு வந்த சாமியார் என்ன பெயர் என்று கேட்க, நாங்கள் வாய் திறக்குமுன் அம்மா "மரியநாயகி" என்றார். வீட்டுக்கு வந்து கேட்டேன். "எனக்கு நாள் முழுக்க அந்தப் பேரைக் கூப்பிட வேணும். கூப்பிடாமல் வாய் புளிக்குது" என்றார். இப்போது விடிந்ததிலிருந்து "மரியநாயகி, ஏனடி கத்திறாய்? மரியநாயகி, உனக்கு ஏன் உவ்வளவு கோபம்?" என்று பிள்ளை படுக்கிற ஏணையோடு கதைதான். உங்களோடு சண்டை பிடிக்கிற அதே குரல். லியோன் வாய்பொத்திச் சிரிக்கிறார்.

அம்மா மூலைக்கு மூலை குந்தியிருந்த கதையை எழுதினேனே. அதற்குக் காரணம் இப்போதுதான் சொன்னார். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அந்தப் பெரிய புயலின்போது, எங்கள் செய்தி வரும்வரை நெடுந்தீவில் அவர் ஒரு இடத்தில் இருக்கவில்லையாம். "நீ உயிரோடை இருப்பாய் எண்டு நினைக்க வேணுமே. நினைக்கிறதுக்கு எனக்கு ஒரு மூலை தெரியாது. உன்ரை வீட்டு வாசல் எந்தப் பக்கம், அடுப்பு எங்கை, காத்து அடிச்சால் நீ எங்கை ஒதுங்குவாய் எண்டு ஒண்டும் தெரியாது. கண்ணை மூடினால் வெறுங்கடல்தான் தெரியும்" என்றார். கலியாணம் கட்டி இங்கே வந்த நாளில் இருந்து என்னை அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார், ஒரு வீடு இல்லாமல்.

கள்ளவள்ளத்தில் ஏற்றமாட்டேன் என்று லியோன் சொல்லிவிட்டார். கடற்படைக்காரன் கண்டால் வயது பார்க்கமாட்டான். வருகிற திருவிழாதான் வழி. அக்கா, இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன். திருவிழா வந்தாலும் அம்மா என்னோடு இருக்கட்டுமே. உங்களுக்கு அவரோடு இத்தனை வருஷம் கிடைத்தது. எனக்கு வருஷத்தில் இரண்டு நாள்தான் கிடைத்தது.

உங்கள் பெயர்க்காரியின் சார்பிலும்,
றோசம்மா

*

நெடுந்தீவு
23-11-1969

அன்புள்ள றோசம்மாவுக்கு,

உன் கடிதத்துக்கும் அதன் பிறகு வந்த இரண்டுக்கும் நான் பதில் போடவில்லை. வேணுமென்றுதான் போடவில்லை. எழுதி எழுதி அடுப்பில் போட்டேன். இத்தனை வருஷம் எனக்குக் கிடைத்தது என்கிறாய். கிடைத்ததில் பாதி சண்டை. அது உனக்குப் பொறாமையாக இருக்கிறதென்றால் நான் என்ன சொல்ல?

என் பெயரை வைத்து என்னைக் குளிரவைக்கலாம் என்று அம்மா நினைத்திருக்கிறார். குளிரத்தான் செய்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

போன கிழமை இங்கே வாடைக்காற்று ஏறியது. மூன்று நாளாகக் குறிகட்டுவானுக்கு வள்ளம் விடவில்லை. பனைகள் தலையை விரித்துக்கொண்டு ஆடின. மதிலில் ஒரு பக்கம் சரிந்தது. றேடியோவில் உங்கள் கரையையும் சொன்னார்கள். நான் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைப் பூட்டிவிட்டு, அம்மா என்ன செய்கிறாரோ என்று யோசித்தேன். யோசிக்க ஒன்றும் வரவில்லை, றோசம்மா. எங்கே இருக்கிறார்? குசினியிலா? உன் குசினி வீட்டோடு ஒட்டியதா, தனியாகவா? பிள்ளையின் ஏணையை எந்தக் கூரை வளையில் கட்டியிருக்கிறாய்? ஒழுகுமா? கண்ணை மூடிப் பார்த்தேன். அம்மா சொன்ன அதே வெறுங்கடல்தான் எனக்கும் தெரிந்தது.

அந்தப் புயல் வருஷம் அம்மா வீட்டுக்கும் துறைக்கும் நடந்தபோது, "நீங்கள் நடந்தால் காத்து நிக்குமோ? வந்து இருங்கோ" என்று நான் அதட்டினேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். அந்தப் பார்வை இப்போது விளங்குகிறது.

காற்று அடங்கிய பிறகு துறைக்குப் போய் யாகப்பு அண்ணையோடு கதைத்தேன். கோபத்தை விட்டேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. மீன் இருக்கா என்றுதான் கேட்டேன். அவர் ஒரு பெரிய விளைமீனைத் தூக்கிக் கூடைக்குள் போட்டார். இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது.

அம்மாவைத் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு வா. நீ கேட்டதற்கு ஓம் என்றும் எழுதமாட்டேன், இல்லை என்றும் எழுதமாட்டேன். கச்சதீவில் அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல ஏலும். அதுவரைக்கும் இதற்கு மட்டும் பதில் எழுது: உன் வீட்டு வாசல் எந்தப் பக்கம்?

எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்
மரியநாயகி

*

பாம்பன்
10-2-1970

அன்புள்ள அக்காவுக்கு,

கிழக்கே பார்த்த வாசல். மற்றதை எழுதட்டுமா என்று கேட்டேன். அம்மா விடவில்லை. "எழுதிக் காட்டுற வீடோ அது? நான் போய்ச் சொல்லுவன்" என்கிறார். போய்ச் சொல்லுவன் என்கிறார், அக்கா. அந்த வார்த்தைக்குப் பிறகு எனக்கு எழுத ஓடவில்லை. கிணற்றடியில் போய் முகம் கழுவிவிட்டு வந்து எழுதுகிறேன்.

பிள்ளை இப்போது தவழ்கிறாள். அம்மா எங்கே போனாலும் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகிறாள். என் பேச்சில் இந்த ஊர்ச் சொல் ஏறிவிட்டதாம், அம்மா தினமும் என்னைத் திருத்துகிறார். நாற்காலி என்றால் கதிரை என்கிறார். இந்தப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இப்போது கதிரை என்கிறார்கள்.

அம்மா உங்களுக்கு எழுதச் சொன்னது இது, அவர் சொன்னபடியே:

"பிள்ளை மரியநாயகி, நான் சுகம். முட்டுக்கு எண்ணெய் பூசுறன். நீ சொல்லி வெச்சதெண்டு உன்ரை தங்கச்சி விடுறாள் இல்லை. சிவத்தப் பேட்டுக்கோழி அடைக்கு இருந்ததோ? என்ரை பாக்குரலைக் கழுவி வை. பனாட்டுக்காக நீ என்னோடை சண்டை பிடிச்சது சரி. உனக்கும் கொஞ்சம் வெச்சுப்போட்டுக் குடுத்திருக்க வேணும்."

நாங்கள் வருகிறோம். நானும் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நேரில் சொல்கிறேன்.

றோசம்மா

*

பாம்பன்
8-3-1970, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் வந்து சேர்ந்தோம். நீங்களும் அம்மாவும் இந்நேரம் வீட்டில் இருப்பீர்கள். போன வருஷம் திருவிழாவால் வந்த இதே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எனக்கு எழுதினீர்கள். இன்று என் முறை.

வரும் வழியெல்லாம் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது, வீட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டது. நான் எடுத்திருந்த முடிவு என்னவென்றால், கேட்டதை விட்டுவிட்டு அம்மாவை உங்களிடம் கொடுக்கிறது. நீங்கள் எடுத்திருந்த முடிவு, என்னிடமே விடுகிறது. "நீங்களே கூட்டிக்கொண்டு போங்கோ." "இல்லையடி, பிள்ளைக்கு ஆர், நீயே வைச்சிரு." கரையில் நின்று இரண்டு பேரும் அழுது அழுது ஒருவருக்கு ஒருவர் தள்ளினோமே, அம்மாவின் முகம் எப்படிச் சிவந்தது! "நான் என்ன உங்களுக்குப் பனாட்டுக் கடகப்பெட்டியோ? நீ வைச்சிரு, நீ கொண்டுபோ எண்டு!" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று தண்ணீரில் இறங்கி யாகப்பு அண்ணையின் வள்ளத்தில் ஏறிவிட்டார். நீங்கள் பின்னால் ஓடினீர்கள். யாகப்பு அண்ணை முன்பக்கம் அணியத்தில் நின்று, தன் வாழ்நாளில் முதல்முறையாக, கரை முழுக்கக் கேட்க ஆள் எண்ணினார். அம்மாவின் தலையைத் தொட்டு "ஒண்டு" என்றாரே. அப்போதுதான் நான் சிரித்தேன்.

அம்மா பிள்ளையைக் கொஞ்சவில்லை, கவனித்தீர்களா? ஏறும்போது அவள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் இறங்கிவிடுவார் என்று அவருக்குத் தெரியும்.

இந்த வீடு இப்போது எப்படி இருக்கிறதென்று எழுதுகிறேன். சத்தமே இல்லை. லியோன் கரையில் வலை காயப்போடப் போய்விட்டார். அம்மா படுத்த பாயை நான் சுருட்டவில்லை. பிள்ளை அந்தப் பாயைச் சுற்றித் தவழ்கிறாள். பாயில் இருக்கிறாள். குசினிக்கு வந்து பார்க்கிறாள். திரும்பப் போய்ப் பாயில் இருக்கிறாள். அவளுக்கு என்ன சொல்லட்டும்? "மரியநாயகி" என்று கூப்பிட்டேன். அம்மாவின் குரல் மாதிரி இழுத்துக் கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பிப் பார்த்துவிட்டு அழுதாள்.

நான் கொடுத்ததற்காக வருந்தவில்லை. போன வருஷம் நீங்கள் என்ன பட்டிருப்பீர்கள் என்பது தெரிகிறது, அவ்வளவுதான். உங்களுக்காவது கோபப்பட ஆள் இருந்தது.

அம்மா சாப்பிட்டாரா என்று எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி
றோசம்மா

*

நெடுந்தீவு
30-3-1970

அன்புள்ள றோசம்மாவுக்கு,

அம்மா சாப்பிட்டார். ஆனால் கதைக்கவில்லை. வந்த அன்று வள்ளம் நெடுந்தீவைத் தொடும்வரை பின்பக்கம் பார்த்தபடியே இருந்தார். வீட்டுக்கு வந்ததும் கோழிக்குத் தீனி போட்டார், பாக்குரலைத் தொட்டுப் பார்த்தார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நான் கழுவி வைத்த பாக்குரல் நாட்கணக்கில் சத்தமில்லாமல் கிடந்தது. இவரை நான் ஏன் கூட்டிக்கொண்டு வந்தேன் என்று உன் அத்தானிடம் அழுதேன். என் வீட்டில் இருந்துகொண்டு அவர் இங்கே இல்லை. அது, அவர் பாம்பனில் இருந்ததைவிடப் பொல்லாததாக இருந்தது.

குருத்தோலை ஞாயிறு பின்னேரம் நான் அவர் பக்கத்தில் போய் இருந்தேன். எப்போதும் அதட்டுகிற வாய்க்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. "அம்மா, கிழக்கை பார்த்த வாசல் எண்டு றோசம்மா எழுதினவள். பிறகு?" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தார். எழும்பி முற்றத்துக்குப் போனார். ஒரு பனை ஈர்க்கை எடுத்துக் குனிந்து மணலில் கோடு கீறத் தொடங்கினார். "இது வாசல். உள்ளுக்கு வந்தால் இடக்கைப் பக்கம் மண்பானை. இது குசினி, ஒட்டுத்தான். இதிலை கிணறு, உப்பில்லை, எங்கடையைவிட நல்ல தண்ணி. ஏணை இந்த வளையிலை. மருமோன் வந்தால் செருப்பை இதிலை கழட்டுவார், எத்தினை தரம் சொன்னாலும் கேளார்." முட்டு நோ மறந்து முற்றம் முழுக்க நடந்தார். பிள்ளைகள் ஓடி வந்து பார்த்தார்கள். அறைக்குள் கால் வைத்தவர்களை, "வாசலாலை வாடா!" என்று அதட்டினார். வந்த பிறகு அவர் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான்.

"புயலுக்கு அவள் எங்கை இருந்தவளாம்?" என்று கேட்டேன்.

அம்மா குசினிச் சுவருக்கும் நெல்லுப்பானைக்கும் நடுவில் காலால் ஒரு வட்டம் போட்டார். "இதிலை. ரெண்டு கையாலையும் பானையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு. நான் கேட்டனான், காட்டினவள்."

எல்லோரும் செபத்துக்கு உள்ளே போன பிறகு நான் வாசலால் உன் வீட்டுக்குள் வந்தேன், றோசம்மா. அந்த மூலையில் குந்தியிருந்தேன். உன்னைக் கலியாணம் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து உன் வீட்டுக்கு நான் வந்தது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, உன்னிடம் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அடுத்தநாள் விடியப்புறம் பாக்குரல் சத்தம் கேட்டது. படுத்திருந்தபடியே கேட்டுக்கொண்டு இருந்தேன். எழும்பி முற்றம் கூட்டப் போனேன். உன் வாசல்வரைக்கும் கூட்டினேன். அதற்கு மேல் விளக்குமாறு போகவில்லை. அன்றிலிருந்து உன் வீட்டை விட்டுவிட்டுச் சுற்றித்தான் கூட்டுகிறேன். மாக்கிறேற் வந்து, முற்றத்தில் பாதி குப்பையாகக் கிடக்கிறதே என்று மூக்கைச் சுளித்தாள். கிடக்கட்டும்.

இனிக் கச்சான் காற்று தொடங்கும். மணற்கோடு நிற்காது. அதனால் நேற்று, உயிர்த்த ஞாயிற்றுப் பூசையால் வந்ததும், சரிந்த மதிலின் முருகைக்கற்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து உன் சுவர்களின்மேல் வரிசையாக அடுக்கத் தொடங்கினேன். குசினி முடிந்தது. கிணறு முடிந்தது. முன்சுவருக்கு வந்தேன். அம்மா பாக்கு இடித்துக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"வாசலை அடைச்சுப்போடாதை, மேனை" என்றார்.

அடைக்கவில்லை.

உன் அக்கா
மரியநாயகி